பூங்காக் குளத்தில் திடீரென்று ஆமைகள்: எங்கிருந்து வந்தன, ஏரியில் விடலாமா?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். பின்னால் படிக்க வருபவர்களுக்கும் அது உதவும். பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு பூங்கா, அதில் ஒரு சின்னக் குளம். போன கோடையில் தண்ணீரை இறைத்துத் தூர்வாரி, கரைக்குக் கல் பதித்து, நடுவில் பாறைகளை அடுக்கியிருக்கிறார்கள். மழையில் குளம் நிறைந்தது. ஜனவரி நடுவில் காலை நடைக்குப் போனபோது அந்தப் பாறைகளின் மேல் ஐந்து ஆமைகள். இரண்டு சாப்பாட்டுத் தட்டு அளவு, மூன்று உள்ளங்கை அளவு. கடல் பக்கத்திலேயே இருப்பதால் கடலாமைக் குஞ்சுகள் வழிதவறி வந்துவிட்டனவோ என்று உங்களுக்கு ஐயம். காவலாளி, "மழையில வந்துச்சு சார்" என்கிறார். பிள்ளைகள் பொரி போடுகிறார்கள். நடைக்கு வரும் பெரியவர் ஒருவர், பிடித்து ஏரியில் விட்டால் புண்ணியம் என்கிறார். எங்கிருந்து வந்தன என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ஏரியில் விட ஆள் ஏற்பாடு செய்யட்டுமா என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அவசரமான கேள்வி. அதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் விலங்கியல் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையைச் சுற்றியுள்ள ஏரி, குளம், கோயில் தெப்பம், கைவிட்ட கல்குவாரி என்று தவளையும் ஆமையும் எண்ணிக்கொண்டு அலைந்திருக்கிறேன். வனத்துறை அதிகாரி இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. நோய், சட்டம் இரண்டிலும் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போட்டிருக்கும் இரண்டு படங்களும் எதிர்வெயிலில் எடுத்தவை. ஆமைகள் கறுப்பு நிழலாகத்தான் தெரிகின்றன. ஓட்டின் வளைவும் உட்காரும் விதமும் தெரிகின்றன, நிறம் தெரியவில்லை. அதனால் சில இடங்களில் ஊகித்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்த இடங்களில் ஊகம் என்றே சொல்கிறேன்.

கடலாமையை முதலில் கழித்துவிடலாம். இதில் எனக்குத் துளி ஐயமும் இல்லை. சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்று செய்தித்தாளில் வருவது அதுதான். இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை அதிகமாக முட்டையிடும். முட்டை பொரிய ஏறக்குறைய 45 முதல் 55 நாள் ஆகும். ஜனவரி நடுவில் குஞ்சுக்குக் காலமே இல்லை. அதோடு கடலாமைக்கு இருப்பது விரல் பிரிந்த கால் இல்லை, துடுப்பு. அதை வைத்துக்கொண்டு வழுக்குப் பாறையில் தொற்றி ஏறி வெயில் காய முடியாது. உங்களுக்கு அப்படித் தோன்றியதில் தவறும் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். இருட்டில் கடற்பரப்பு மினுங்கும் என்பதால் காலங்காலமாக அந்த இயல்பு அதைக் கடலுக்குக் கொண்டுசேர்த்தது. இப்போது தெருவிளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருப்பதால் ரோட்டுப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. இதற்காகத்தான் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வருகிறார்கள். மார்ச், ஏப்ரலில் உங்கள் தெருவில் கறுப்பாக, கட்டைவிரல் நீளத்தில் துடுப்புள்ள குஞ்சு ஒன்று தவழ்ந்தால் அவர்களைத்தான் தேட வேண்டும். பூங்காவில் பார்த்தவை வேறு.

அடுத்து, நீங்கள் எழுதிய அளவுகளே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. நன்னீர் ஆமை எந்த இனமானாலும் மெதுவாக வளர்வது. நாணயம் அளவில் பிறந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். உங்கள் குளம் எட்டு, ஒன்பது மாதத்துக்கு முன்னால் காய்ந்து, அடிச்சேறு வரை வாரப்பட்ட குளம். ஆக, பெரியவை இரண்டும் வேறெங்கோ வளர்ந்து, வளர்ந்த உடம்போடு வந்தவை. உள்ளங்கை அளவுள்ள மூன்றும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். நன்றாகத் தீனி தின்றாலும் அந்த அளவுக்கு வர ஒரு வருடமாவது ஆகும். இந்தக் குளத்தில் பிறந்த ஆமை இந்த ஐந்தில் ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை.

பாறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆமை நீரில் இருக்கும்வரை யார் கண்ணிலும் படாது. மூச்சு விட மூக்கு நுனியை நீட்டும், அவ்வளவுதான். ஏறி உட்கார இடம் கிடைத்தால்தான் நாம் பார்ப்போம். ஜனவரிக் காலையில் தண்ணீர் சில்லென்று இருக்கும். உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வெயில் வேண்டும். போன வருடம் பாறை இல்லை, அதனால் ஆமையும் இல்லை என்று நமக்குத் தோன்றியிருக்கலாம். உங்கள் குளத்தைத் தூர்வாரிவிட்டதால் இந்த விளக்கம் முழுதாகப் பொருந்தவில்லை. ஆனால் வேறு ஊரிலிருந்து இதே கேள்வியோடு வருபவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். அவர்கள் குளத்தில் ஆமை பத்து வருடமாக இருந்திருக்கலாம், மிதக்கும் கட்டை ஒன்று போன மாதம் வந்திருக்கலாம்.

சென்னைப் பூங்காக் குளம் ஒன்றில் ஆமை என்றால் மூன்று வகைகளைத்தான் முதலில் நினைப்பேன். ஒன்று பாலாமை. மேலோடு வழவழவென்று தோல் போர்த்தியது போல இருக்கும், கட்டம் கட்டமாகச் சில்லுகள் தெரியாது. மூக்கு சிறு குழாய் போல நீண்டிருக்கும். அடிப்பக்கத்தில் பின்னங்கால்களை மூடிக்கொள்ள இரண்டு மடல்கள் உண்டு. தொந்தரவு செய்தால் தலை, கால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு பெட்டி போல மூடிக்கொள்ளும். இரண்டாவது காராமை. கறுப்பு அல்லது கரும்பழுப்பு ஓடு, முதுகில் நீளவாக்கில் மூன்று வரப்புகள். கையில் எடுத்தால் கெட்ட நாற்றம் ஒன்றை விடும். அது பட்ட சட்டையை இரண்டு முறை துவைக்க வேண்டியிருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். மூன்றாவது நம் நாட்டு ஆமையே இல்லை. வண்ணமீன் கடைக் கண்ணாடித் தொட்டியில் பச்சைப் பசேலென்று நீந்தும் குட்டி ஆமை இருக்கிறதே, ரெட் இயர்ட் ஸ்லைடர், நம் பேச்சில் சிவப்புக்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பட்டை ஓடும். காது என்று பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையில் ஆமைக்கு வெளிக்காதே கிடையாது. வயதாக ஆகப் பச்சை மங்கி ஓடு கருத்துவிடும். கிழட்டு ஆண் ஆமைகளில் சிவப்புப் பட்டையே மறைந்துபோவதும் உண்டு. அப்போது தூரத்திலிருந்து காராமை போலவே தெரியும். நானே ஏமாந்திருக்கிறேன்.

உங்கள் படத்திலுள்ளவற்றை நான் சிவப்புக்காது ஆமை என்றே ஊகிக்கிறேன். காரணம் நிறமில்லை, நடத்தை. பட்டப்பகலில், ஆள் நடமாடும் இடத்தில், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் கழுத்தையும் கால்களையும் நீட்டிக்கொண்டு வெயில் காய்வது அவற்றின் முத்திரை. ஆள் கிட்டே போனதும் சரசரவென்று நீரில் சறுக்கிவிடும். ஸ்லைடர் என்ற பெயரே அந்தச் சறுக்கலால் வந்தது. சிறிது நேரத்தில் திரும்பி வந்து தலையைத் தூக்கி உங்கள் கையைப் பார்க்கும். பொரி வருமா என்று பார்க்கிறது. மனிதன் வளர்த்த ஆமைக்கு மனிதன் என்றால் சோறு. நம் பாலாமைக்கு மனிதன் என்றால் சட்டி. நிழல் பட்டாலே அடிச்சேற்றுக்குள் புதைந்துவிடும், அரைமணி நேரத்துக்குத் தலை காட்டாது. இது ஏட்டில் படித்த அடையாளம் இல்லை. நான் பழகிப் பார்த்த அடையாளம், அநேகமாகத் தப்புவதில்லை. ஆனாலும் உறுதி செய்ய முகத்தின் பக்கவாட்டுப் படம் வேண்டும்.

இந்தச் சிவப்புக்காது ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதையொட்டிய வடக்கு மெக்சிகோவும். லூசியானா மாநிலத்தில் ஆமைப் பண்ணைகள் வைத்துக் கோடிக்கணக்கில் குட்டி பொரிக்கவைத்தார்கள். அங்கே குழந்தைகள் இந்தக் குட்டிகளை வாயில் வைத்து சால்மோனெல்லா கிருமி தொற்றி அவதிப்பட, 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்க அமெரிக்க அரசே தடை போட்டது. உள்ளூரில் விற்க முடியாததை வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள். 1989க்கும் 1997க்கும் இடையில் மட்டும் 5 கோடிக்கும் மேற்பட்ட ஆமைகள் அங்கிருந்து ஏற்றுமதியாயின. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியை நிறுத்தியது. வியாபாரிகள் சளைக்கவில்லை, சிவப்புப் பட்டைக்குப் பதில் மஞ்சள் பட்டையுள்ள அதன் பங்காளியைக் கொண்டுவந்தார்கள். 2016இல் அந்த இனம் முழுவதற்குமே அங்கு தடை வந்தது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஆமைக் குளம் என்றே ஒரு குளம் உண்டு. அங்கே வெயில் காய்பவற்றில் பெரும்பகுதி வீட்டில் வளர்த்துக் கைவிட்ட இதே ஆமைகள்தான். ஆக உங்கள் பூங்காவுக்கு வந்திருப்பது உலகம் முழுக்கப் பூங்காக் குளங்களைச் சுற்றிப் பார்த்த விருந்தாளி.

நம் ஊருக்கு அது பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வருகிறது, பயணிகளின் பெட்டிகளில். சென்னை, திருச்சி விமான நிலையங்களில் சுங்கத் துறையினர் பிடித்த செய்தி அவ்வப்போது வரும். 2023 ஆகஸ்டில் திருச்சியில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணிகளிடம் ஒரே தடவையில் 6,000க்கும் மேற்பட்ட குட்டிகள் பிடிபட்டன. வேடிக்கை என்னவென்றால் இதே வழியில் எதிர்த்திசையில் நம் நட்சத்திர ஆமைகள் போகின்றன. ஆந்திராவின் புதர்க்காட்டில் சாக்கில் கட்டி எடுத்தவை தாய்லாந்து, மலேசியா போகும், அங்கே பண்ணையில் பொரித்தவை இங்கே வரும். இரண்டு பக்கமும் வாங்குபவர்களுக்கு அடுத்த ஊர் ஆமைதான் அழகு.

கடையில் வாங்கும்போது அது மூன்று சென்டிமீட்டர். சோப்புப் பெட்டி அளவு பிளாஸ்டிக் தொட்டியும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னைமரமும் சேர்த்துக் கொடுப்பார்கள். இதற்கு மேல் வளராது என்று சொல்லி விற்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். நான்கைந்து வருடத்தில் பெண் ஆமை கால் மீட்டர் நீளத்தைத் தொட்டுவிடும். இருபது, முப்பது ஆண்டு வாழும். பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் ஆமை வீட்டில் இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றாவிட்டால் கூடமே நாறும். அதற்குள் ஊரிலிருந்து பாட்டி வருவார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படுமா?" என்று கேட்பார். (அந்தப் பழமொழியில் இருந்தது ஆமை இல்லை, ஆம்பி, அதாவது காளான் பூத்த வீடு என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. பாட்டியிடம் அதெல்லாம் எடுபடாது.) அதே வீட்டு வரவேற்பறையில் வாஸ்துவுக்கென்று பித்தளை ஆமை ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தில் வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கும். அதை யாரும் வெளியே விடச் சொல்வதில்லை. உயிருள்ளது மட்டும் ஒரு விடியற்காலையில் பக்கெட்டில் பூங்காவுக்கு வரும்.

அந்தப் பக்கெட்டைத் தூக்கி வருபவர் கெட்டவர் இல்லை. கொல்ல மனமில்லாதவர்தான் குளம் தேடி வருகிறார். கூர்மாவதாரம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீரில் விட்டவரையும் பார்த்திருக்கிறேன். நான் தொடர்ந்து போய் வரும் சில குளங்களில் ஆண்டுத் தேர்வு முடிந்து வீடு மாற்றும் மே, ஜூன் மாதங்களில் புது ஆமைகள் தென்படுவதைக் குறித்து வைத்திருக்கிறேன். இது என் நோட்டுப் புத்தகத்துக் கணக்கு, ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குளம் புதுப்பொலிவோடு நிறைந்து கிடந்ததைப் பார்த்த யாரோ ஒருவர், அல்லது இரண்டு, மூன்று வீட்டுக்காரர்கள், நல்ல இடம் என்று விட்டுப் போயிருப்பார்கள் என்பதே என் ஊகம். வெவ்வேறு அளவில் இருப்பதும் அதற்குப் பொருந்துகிறது.

அப்படியானால் காவலாளி சொன்னது பொய்யா? அவசரப்பட வேண்டாம். பாலாமை மழையில் நடக்கும். கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். மழை பெய்து மண் இளகியதும் எழுந்து, தண்ணீர் தேடித் தரையில் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இரவுகளில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் ரோட்டைக் கடக்கும் பாலாமையைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். மழைநீர் வடிகால் அதற்கு ராஜபாட்டை. கிராமத்தில் கிணறு சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு ஆமையைப் பிடித்து உள்ளே விடும் வழக்கம் உண்டு, அதற்கு அகப்படுவதும் இப்படி நடமாடுபவைதான். ஆகவே உங்கள் குளத்துக்குத் தானாக வந்து சேர்ந்த ஆமை இருக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். பாறைமேல் இருக்கும் ஐந்தும் அவையாக இருக்காது, அவ்வளவுதான். ஒரு சின்னத் துப்பும் உண்டு. தெற்கே உள்ள பாலாமையின் முதுகு புள்ளியில்லாத ஒரே பழுப்பு. கங்கை, சிந்துப் படுகைகளில் உள்ள வடக்கத்திப் பாலாமைக்கு மஞ்சள் புள்ளிகள் உண்டு. சென்னையில் மஞ்சள் புள்ளியோடு வளர்ந்த பாலாமை ஒன்றைப் பார்த்தால் அது மழையில் நடந்து வந்ததில்லை, யாரோ ரயிலேற்றிக் கொண்டுவந்தது.

பெருகிவிடுமா என்று கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். முட்டையிட முடியும், அதில் ஐயமில்லை. பெண் ஆமை ஆறேழு வயதில் பருவத்துக்கு வரும். ஒரு ஈட்டுக்குப் பத்து முட்டை என்று வைத்துக்கொள்ளலாம், வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஈடும் போடும். ஆணைக் கண்டுபிடிப்பது எளிது. உருவம் சிறிது, முன்னங்கால் நகங்கள் மட்டும் விசித்திரமாக நீளம். பெண்ணின் முகத்துக்கு எதிரே அந்த நகங்களைப் படபடவென்று ஆட்டிக் காதல் செய்யும். முட்டையிட மண் கரை வேண்டும். உங்கள் குளத்துக்குக் கரை முழுக்கக் கல் பதித்துவிட்டதால் ஏறி வெளியே வர வழியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஏறினாலும் கீரி, காக்கை, தெருநாய் எல்லாம் காத்திருக்கும். இன்னொரு விஷயம், இந்த ஆமைக்கு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மண்ணின் சூடு. 27 டிகிரிக்குக் கீழே ஆண், 31க்கு மேலே பெண், நடுவில் இரண்டும் கலந்து. சென்னை மண்ணில் பொரித்தால் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும் என்று கணக்குப் போடத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்பதற்கு மேல் அதற்கு வலு கொடுக்கமாட்டேன், நிழலான இடத்து மண் வேறு, வெயில் மண் வேறு.

கெடுதல் என்ன என்பதில்தான் உறுதியையும் ஊகத்தையும் கலந்து நிறையப் பேர் எழுதுகிறார்கள். வேற்றிடத்திலிருந்து வந்து பரவிக் கெடுதல் செய்பவற்றை ஊடுருவல் உயிரினங்கள் என்பார்கள். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யூ.சி.என்) வெளியிட்ட பட்டியலில் இந்த ஆமையும் உண்டு. பிரான்சில் அந்த நாட்டுக் குளத்து ஆமையையும் இதையும் ஒரே குளத்தில் விட்டுப் பார்த்தார்கள். வெயில் காயும் நல்ல இடத்தை வெளியிலிருந்து வந்த ஆமை பிடித்துக்கொண்டது. உள்ளூர் ஆமை இளைத்தது, சாவும் கூடியது. இவை உறுதியானவை. ஆனால் அதை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. குளிர் நாட்டு ஆமைக்கு வெயில் காயும் இடம் உயிர். நம் பாலாமை பெரும்பாலும் நீரிலும் சேற்றிலுமே கிடப்பது, பாறைக்காக அடித்துக்கொள்ளாது. இங்கே நான் கவலைப்படுவது தீனியைப் பற்றியும் ஒட்டுண்ணி, கிருமிகளைப் பற்றியும். குட்டியாக இருக்கும்போது தலைப்பிரட்டை, நத்தை, சிறு மீன் என்று அசைவமாகத் தின்னும், வளர வளர நீர்ச்செடியை மேயும். பூங்காவில் அல்லி நட்டிருந்தால் இலையைக் கவனியுங்கள், ஓரம் கடித்திருக்கும். அதே குளத்தில் கொசுப்புழுவுக்கென்று மாநகராட்சி விட்ட கம்பூசியா மீனும் இருக்கலாம். அதுவும் அமெரிக்கச் சரக்குதான். உண்மையைச் சொன்னால், கல் பதித்த உங்கள் பூங்காக் குளத்துக்குள் ஐந்து சிவப்புக்காது ஆமைகள் இருப்பதால் பெரிய நாசம் எதுவும் நடந்துவிடப் போவதில்லை. அது கிட்டத்தட்ட ஒரு பெரிய தொட்டி.

ஏரி அப்படி இல்லை. ஏரியில் மண் கரை உண்டு, வாய்க்கால் உண்டு, ஒரு ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். தொட்டிக்குள் அடங்கியிருந்ததை நாமே ஆற்றுக்கு வழிகாட்டிவிட்டது போலாகும். கேரளத்தில் 2018இல் திருச்சூர்ப் பக்கம் ஒரு வாய்க்காலில் இந்த ஆமை கிடைத்தது. அதன் பிறகு பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைத் தேடிப் பிடிக்கவும், வளர்ப்பவர்கள் தண்ணீரில் விடாமல் தடுக்கவும் முயற்சி எடுத்தது. வாய்க்காலுக்குப் போன பிறகு பிடிப்பதென்றால் வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை. நான் இதை உபதேசமாகச் சொல்லவில்லை. படிப்பு முடித்த புதிதில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயற்கை நீரூற்றுத் தொட்டியை இடித்தபோது அதிலிருந்த ஒன்பது ஆமைகளை நானும் இரண்டு நண்பர்களும் மீட்டோம். பைக்கில் இரண்டு நடை போட்டு, புறநகர் ஏரி ஒன்றில் விட்டோம். சூரியன் மறைகிற நேரம், படம்கூட எடுத்துக்கொண்டோம். நான்கு வருடம் கழித்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் கண்ணுக்குப் பின்னால் சிவப்பு. அந்த ஏரிக் கணக்கெடுப்பில் சிவப்புக்காது ஆமை என்ற கட்டத்தை இன்றும் நான்தான் நிரப்புகிறேன்.

சட்டத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். பாலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பது, வீட்டில் வைப்பது, இடம் மாற்றுவது எல்லாமே சிறை வரை போகக்கூடிய குற்றம். நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது அங்கே எடுபடாமல் போகலாம். மூல நோய்க்கு நல்லது என்று இதன் கறியை விற்பவர்கள் இருப்பதால்தான் இவ்வளவு கெடுபிடி. சிவப்புக்காது ஆமை வெளிநாட்டு இனம் என்பதால் இந்தப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஊடுருவல் அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த ஒன்றிய அரசுக்கு அதிகாரம் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஜப்பான் 2023 ஜூன் முதல் இந்த ஆமையை விற்பதையும் வெளியே விடுவதையும் தடை செய்தது, ஏற்கெனவே வீட்டில் வளர்ப்பவர்கள் தொடரலாம் என்று விட்டுவிட்டது. வளர்ப்பதையும் தடை செய்தால் ஒரே வாரத்தில் எல்லாம் ஆற்றுக்கு வந்துவிடும் என்ற பயம்தான். எனக்கு அது புத்திசாலித்தனமான முடிவாகப் படுகிறது. ஆக, ஒரே பாறையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆமைகளில் ஒன்றைத் தொட்டால் வழக்கு, இன்னொன்றை வெளியே விட்டால் கேடு. எது எது என்று தெரியாமல் வலையோடு இறங்குவதற்கு நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது இப்போது விளங்கும்.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். பூங்காப் பொறுப்பாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள், படத்தோடு வனத்துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நாட்டு ஆமை என்றால் உடனே ஆள் வருவார்கள். சிவப்புக்காது என்றால் எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற சிக்கல் அவர்களுக்கும் உண்டு, எடுத்துக்கொள்ள இடம் இல்லை என்ற பதில் வந்தால் கோபப்படாதீர்கள். அப்போது இருக்கும் குளத்திலேயே, வெளியேற வழியில்லாமல், புதிதாக யாரும் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நடைமுறை. விட வருபவரைத் திட்டும் பலகையைவிட, வளர்க்க முடியாதவர்கள் யாரிடம் கொடுக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண் எழுதிய பலகைக்குப் பலன் அதிகம் என்பது என் எண்ணம். பொரியை நிறுத்தச் சொல்லுங்கள். தின்றது போக மிச்சம் ஊறி அழுகி, சித்திரைக்குள் குளம் பச்சையாகிவிடும். அதோடு, பொரி கிடைக்கும் குளம் என்று பெயர் பரவினால் பக்கெட்டுகளும் வரும். பிள்ளைகள் ஆமையையோ அந்தத் தண்ணீரையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா விஷயத்தில் விளையாட்டில்லை. பாலாமையின் கழுத்து நீங்கள் நினைப்பதைவிட நீளம், பக்கவாட்டில் பிடித்தாலும் திரும்பிக் கடிக்கும்.

ஒரு உதவி கேட்கிறேன். நாளை காலை எட்டரை மணிக்கு மேல், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கிழக்குக் கரையில் நின்று, பாறைமேல் இருப்பவற்றின் முகத்தைப் பக்கவாட்டில் படமெடுத்துப் போடுங்கள். செல்போனில் எட்டும் அளவுக்கு எடுத்தால் போதும், சிவப்பு இருந்தால் தெரிந்துவிடும். பிறகு பாறையை விட்டுவிட்டு, குளத்தின் அந்தக் கோடியில் நிழலான மூலையைப் பத்து நிமிடம் அசையாமல் பாருங்கள். பென்சில் முனை போல ஒரு மூக்கு மேலே வந்து, மூச்சு விட்டு, அலை எழுப்பாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். காவலாளியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் வந்ததை அவர் பார்த்திருந்தால், எந்த மூலையில் இறங்கியது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.